பொய் சொல்லாத அம்மா

உதயா ஒரு ரப்பரைத் திருடிக்கொண்டு வந்தாள். இளஞ்சிவப்பு நிறம், ஸ்ட்ராபெரி வாசனை, ஓரத்தில் யாரோ கடித்துப் பார்த்த பல் தடம். எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, "மிஸ்ஸு குடுத்தாங்க" என்று கண்ணைச் சிமிட்டாமல் சொன்னாள். ஆன்சி மிஸ் காலையில் கொடுத்த பென்சிலையே மாலைக்குள் திருப்பி வாங்கிவிடுகிற ஆள். அவர் ரப்பரைத் தூக்கிக் கொடுத்தார் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அம்மாவின் காதில் பூச்சுற்றப் பார்த்தது.

நர்மதா காசிமேட்டில் மீன் ஆய்ந்து கொடுப்பவள். இருட்டு பிரிவதற்குள் அரிவாள்மனையோடு போய் உட்கார்ந்தால், மீன் வாங்குகிறவர்களுக்குச் செதில் சீவி, குடல் எடுத்து, துண்டு போட்டுக் கொடுத்துவிட்டு ஏழு மணிக்கு வீடு திரும்புவாள். மறுநாள் காலை திரும்பியதும் குளித்தாள். விரல்களில் எலுமிச்சைத் தோலைத் தேய்த்துக் கழுவினாள். இருந்ததில் நல்ல புடவையைக் கட்டி, மகளைத் தரதரவென்று பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய், வகுப்பு முழுக்கப் பார்க்க நிற்க வைத்தாள்.

"சொல்லு."

"நா ரப்பர் எடுத்துகினேன். மிஸ்ஸு குடுத்தாங்கன்னு அம்மாகிட்ட பொய் சொன்னேன்."

ரப்பருக்குச் சொந்தக்காரி மெர்லினுக்கு அது காணாமல் போனதே தெரியாது. அவள் பாட்டுக்கு ஜடையைக் கடித்துக்கொண்டிருந்தாள். வகுப்புச் சுவரில் ஆன்சி மிஸ் ஒரு மரம் வரைந்து ஒட்டியிருந்தார். உண்மை மரம் என்று அதற்குப் பெயர். தப்பை ஒப்புக்கொள்ளும் பிள்ளைக்கு அதில் ஒரு பச்சை இலை கிடைக்கும். உதயாவுக்கும் அன்று ஓர் இலை ஒட்டினார்கள். அவமானத்தில் அழுதுகொண்டிருந்த பெண் இலையைப் பார்த்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

வாசலுக்கு வழியனுப்ப வந்த உதயா கேட்டாள். "ம்மா, பொய் சொன்னா இன்னா ஆவும்?"

"அப்பால நீ நெஜம் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்க."

"நீ பொய் சொல்வியா?"

"நா எதுக்குடி பொய் சொல்லப் போறேன்?"

"அந்த மாதிரி ரப்பர் எனக்கு வாங்கித் தரியா?"

"பாக்கலாம்" என்றாள் நர்மதா. அந்த வீட்டில் பாக்கலாம் என்றால் பெரும்பாலும் கிடையாது என்று அர்த்தம். உதயாவுக்கும் அது தெரியும். அதற்கு மேல் கேட்கவில்லை.

நர்மதா இப்படி நெஞ்சை நிமிர்த்திப் பாடம் நடத்திய அன்றைக்கு, அவள் புருஷன் எழிலன் புழல் சிறைக்குள் போய்ப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. உதயாவைப் பொறுத்தவரை நைனா கடலில் இருந்தான்.

நடந்தது இதுதான். எழிலன் லாஞ்சு என்கிற விசைப்படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவன். ஜனவரிக் கடைசியில் ஒரு நாள், பிடித்த மீனோடு திரும்பியபோது, துறைமுகத்தில் எந்த லாஞ்சு முதலில் அணைவது என்று பக்கத்து லாஞ்சுக்காரர்களோடு வாய்த்தகராறு. தினமும் நடக்கிற கூத்துதான். அன்று மட்டும் எழிலன் கையில் ஐஸ் உடைக்கிற கட்டை இருந்தது. சுப்பராயன் என்கிற மனுஷன் மண்டை பிளந்து விழுந்தார். பதினோரு நாள் நினைவில்லாமல் கிடந்தார். இப்போது எழுந்து நடக்கிறார், ஆனால் வலது கால் இழுக்கிறது, பேச்சு குழறுகிறது. கொலை முயற்சி வழக்கு. எழிலன் கெட்டவன் இல்லை என்று நர்மதா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். தனியாக இருக்கும்போது சுப்பராயனின் பெண்டாட்டி முகம்தான் அவளுக்கு நினைவு வரும். அப்போது எழிலன் மேல் வருகிற கோபத்தில் பாத்திரங்கள் நசுங்கும்.

போலீஸ் எழிலனைப் பிடித்துக்கொண்டு போன அன்று மாலை உதயா, "நைனா எங்க?" என்று கேட்டபோது நர்மதா யோசிக்கவே இல்லை. "கடலுக்குப் போய்க்கீறாரு" என்றாள். அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் காலம் காலமாக அதுதான் பதில். வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஒரு வாரம் கழித்து, பெரிய லாஞ்சு, ரொம்ப தூரம், நாளாகும் என்று அதற்கு ஒட்டுப் போட்டாள். முதல் தடவை மனு எழுதிக் கொடுத்து, வரிசையில் நின்று எழிலனைப் பார்த்தபோது, அவன் கேட்டதும் அதைத்தான். "பாப்பாகிட்ட சொல்லிடாத நர்மதா. எங்க நைனா கொலகாரன்னு அது மனசுல பதிஞ்சிடும். நா வந்து பாத்துக்கிறேன்." நர்மதா தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

அதன் பிறகு பொய் நன்றாகவே வளர்ந்தது. புழலுக்குப் போகிற நாளெல்லாம் ரேஷன் கடையில் கூட்டம் என்றாள். எழிலன் முன்னொரு நாள் கடலிலிருந்து திரும்பும்போது அனுப்பிய குரல் ஒன்று போனில் இருந்தது. பின்னால் எஞ்சின் இரைச்சல், நடுவே அவன் குரல்: "உதயா கண்ணு, நைனா வந்துகினே கீறேன். தூங்கிடாத, இன்னா?" இன்றைக்கு வந்தது என்று சொல்லி அதைப் போட்டுக் காட்டினாள். முதல் தடவை உதயா போனுக்கு முத்தம் கொடுத்தாள். இரண்டாம் தடவை, "போன தபாவும் இத்தத்தான் சொன்னாரு" என்றாள். மூன்றாம் தடவை அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருவுக்கு எல்லாம் தெரியும். ஆனால் பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்று நர்மதா கையெடுத்துக் கும்பிட்டிருந்தாள். அடுத்தவர் வீட்டு விஷயத்தை அடுப்பில் வைத்துக் கிண்டுகிற அந்தத் தெரு, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டு புஷ்பவல்லிதான் அதற்குக் காவல். நர்மதா மார்க்கெட்டில் இருக்கும் நேரத்தில் உதயா அவள் வீட்டில்தான் தூங்குவாள். புஷ்பவல்லியின் புருஷன் மணி போன அக்டோபரில் லாஞ்சிலிருந்து கடலில் தவறி விழுந்து போனவர். உடம்புகூடக் கிடைக்கவில்லை. அவருக்காக அந்தப் பக்கத்து லாஞ்செல்லாம் மூன்று நாள் கடலுக்குப் போகாமல் கரையில் நின்றன. யாராவது இறந்தால் அப்படி நிறுத்துவது கடற்கரை வழக்கம். மூன்றாம் நாள் புஷ்பவல்லியை உட்கார வைத்துப் பொட்டை அழித்து, பூவை எடுத்து, வளையலை உடைத்தார்கள். உதயா அன்று நர்மதாவின் இடுப்பில் இருந்தாள். பிள்ளைக்கு என்ன புரியப்போகிறது என்று யாரும் அவளை உள்ளே அனுப்பவில்லை.

"தடக்காலத்துக்குள்ள வெளிய எடுத்துடலாம்மா" என்று வக்கீல் சொல்லியிருந்தார். நர்மதா அந்த வார்த்தையைத்தான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். ஏப்ரல் பதினைந்திலிருந்து இரண்டு மாதம் லாஞ்சு எதுவும் கடலுக்குப் போகக்கூடாது; மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று அரசாங்கம் வருஷா வருஷம் நிறுத்துகிற தடை. அதற்குள் எழிலன் வந்துவிட்டால், கடலிலிருந்து வந்தான் என்று சொல்லி அந்தப் பொய்யை அப்படியே குழி தோண்டிப் புதைத்துவிடலாம். ஜாமீன் மனு ஒரு தடவை தள்ளுபடியானது. இரண்டாம் தடவையும் தள்ளுபடியானது. லாஞ்சுகள் ஒவ்வொன்றாக வந்து துறைமுகத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் அத்தனையும் கண்ணில் படும்.

நர்மதா ஒரு ராத்திரி முழுக்க யோசித்துப் புதுப் பொய் ஒன்றைத் தயார் செய்தாள். "நைனா போன லாஞ்சு கொச்சி பக்கம் போய்டுச்சுடி. அங்க இப்ப லீவு இல்ல, கடலுக்குப் போய்கினுதான் கீறாங்க." அந்தப் பக்கத்துக் கடலுக்குத் தடை ஜூனில்தான். பொய்யாக இருந்தாலும் விவரம் சரியாக இருந்தது. உதயா மறு கேள்வி கேட்கவில்லை. "சரிம்மா" என்றாள். அவ்வளவு சுலபமாக முடிந்ததில் நர்மதாவுக்கு உடம்பே லேசாகிவிட்டது. அப்பாடா என்று அன்று இரண்டு கவளம் சாதம் கூடுதலாகச் சாப்பிட்டாள். மனுஷனுக்குப் புத்தி கெட்டால் இப்படித்தான் கெடும்.

அதற்குப் பிறகு உதயா மீன் சாப்பிடுவதை நிறுத்தினாள். சங்கராவை வறுத்துத் தட்டில் வைத்தால் ஓரமாக ஒதுக்கிவிட்டு ரசத்தைப் பிசைந்தாள். வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நர்மதா ஓமத்தண்ணீர் கொடுத்தாள். இன்னொரு புது வழக்கமும் வந்தது. தினமும் மாலை பூக்காரி குரல் கேட்டதும், "ம்மா, பூ வாங்கி வெச்சிக்கோ" என்று அடம் பிடித்தாள். காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் அம்மாவைக் குனியச் சொல்லி, நெற்றியில் பொட்டு இருக்கிறதா என்று பார்த்தாள். வியர்வையில் கலைந்திருந்தால் தானே ஒரு புதுப் பொட்டை எடுத்து ஒட்டிவிட்டாள். பெரியவளாகிக்கொண்டு வருகிறாள், அழகு பார்க்கிறாள் என்று நர்மதா பூரித்துப் போனாள்.

கொச்சிக் கதை சொன்ன ஒன்பதாம் நாள் ஆன்சி மிஸ் போன் செய்து, மதியம் வகுப்பு முடிகிற நேரத்துக்கு வரச் சொன்னார்.

பிள்ளைகள் மைதானத்தில் இருந்தார்கள். ஆன்சி மிஸ் நர்மதாவைவிட இளையவர். எப்போதும் படபடவென்று பேசுகிறவர் அன்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு வார்த்தை கிடைக்காமல் தவித்தார்.

"உதயா அம்மா, நான் கேக்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுக்காரரைப் பத்தி... உங்ககிட்ட இன்னும் யாரும் எதுவும் சொல்லலையா?"

நர்மதா நாற்காலி நுனிக்கு வந்தாள். ஜெயில் விஷயம் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்துவிட்டது என்று நினைத்தாள். "இன்னா மிஸ் சொல்றீங்க?"

ஆன்சி மிஸ் ஒரு படத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். என் குடும்பம் என்று வரையச் சொன்னாராம். தாள் முழுக்க நீலம். மேலே லாஞ்சுகள் வரிசையாக நின்றன, ஒன்றிலும் ஆள் இல்லை. கீழே, நீலத்துக்கு அடியில், ஒரு மனிதன் படுத்திருந்தான். அவனைச் சுற்றி மீன்கள். தாளின் மூலையில் ஒரு பெண். தலையைவிடப் பெரிய பூ, முகத்தில் பாதிக்குச் சிவப்புப் பொட்டு.

"இது யாருன்னு கேட்டேன். காதுல வந்து சொன்னா. 'எங்க நைனா கடல்ல செத்துட்டாரு மிஸ். அதான் லாஞ்செல்லாம் நின்னுடுச்சு. மணி மாமா செத்தப்பவும் இப்டிதான் நின்னுச்சு.' நைனா கொச்சிக்குப் போயிருக்கார்னு அம்மா சொன்னதா நீதானே சொன்னேன்னு கேட்டேன். 'அம்மாவுக்குத் தெரியாது மிஸ். யாரோ கொச்சின்னு சொல்லி ஏமாத்திகினு கீறாங்க. போன்ல பழைய பேச்சையே அனுப்பி ஏமாத்துறாங்க. பாவம் அம்மா.'" ஆன்சி மிஸ் மூச்சு வாங்கிக்கொண்டார். "'அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, பொட்ட அழிச்சிடுவாங்க'ன்னா. சத்தியம் பண்ணச் சொன்னா. பண்ணேன்."

நர்மதா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருவேளை அம்மாவே உன்கிட்ட மறைக்கிறாங்களோன்னு மெதுவா கேட்டுப் பார்த்தேங்க. அதுக்கு அவளுக்குக் கோவம் வந்துடுச்சு. 'எங்க அம்மா பொய் சொல்ல மாட்டாங்க'ன்னா."

நர்மதா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஒன்பது நாளாக அந்தக் குழந்தை, ஆறு வயதுகூட முடியாத குழந்தை, அப்பாவின் சாவைத் தனியாகச் சுமந்துகொண்டு அம்மாவுக்குப் பூ வாங்கி வைத்திருக்கிறது. அம்மா பொய் சொல்வாள் என்று ஒரு துளி சந்தேகப்பட்டிருந்தால் அது பிழைத்திருக்கும். சந்தேகமே படாததால்தான் அத்தனை தூரம் போயிருக்கிறது.

"அவரு சாகல மிஸ்" என்றாள். "புழல்ல கீறாரு."

ஆன்சி மிஸ் திட்டுவார் என்று நர்மதா எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். அவர் சுவரிலிருந்த மரத்தைப் பார்த்தார். "சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு நானும் சொல்லிட்டேன். நாளைக்கு அவ மூஞ்சில எப்டி முழிக்கிறதுன்னு தெரியல."

வீட்டுக்குப் போகும் வழியில் லாஞ்சுகளுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெயின்ட் நெடி தெருவரைக்கும் வந்தது. துறைமுகச் சுவர் ஓரம் உடைந்து கிடந்த சிமென்ட் பலகையில் நர்மதா உட்கார்ந்தாள். உதயா அவள் சுட்டுவிரலைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள்.

"உதயா, நைனா சாகலடி."

குழந்தையின் முகம் வெளிறியது. முதலில் அது பார்த்தது அம்மாவின் நெற்றியைத்தான். "செத்துட்டாருன்னு உனக்கு யாரு சொன்னாங்க?"

நர்மதா அதைக் காதில் வாங்காதவள் போல மேலே போனாள். "யாரும் சாகல. நைனா நல்லா கீறாரு. லாஞ்சு நிக்கிறது அதுக்கு இல்ல. மீனு குஞ்சு பொரிக்கிற மாசம், அதனால வருஷா வருஷம் நிக்கும். போன வருஷமும் நின்னுச்சு, நைனா வூட்ல இருந்தாரே, உன்ன தோள்ல தூக்கிகினு சுத்துனாரே."

"அப்ப மீனு நைனாவ துன்னலியா?"

ஒதுக்கி வைத்த சங்கராத் துண்டுகள் ஒவ்வொன்றும் நர்மதாவின் கண்முன் வந்தன. மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "இல்லடி என் கண்ணு. எந்த மீனும் துன்னல."

"உன்ன ஏமாத்துறாங்கம்மா" என்றாள் உதயா பரிதாபமாக.

இந்த இடத்திலும் நர்மதாவுக்கு ஒரு வழி இருந்தது. ஆமாம், என்னையும் ஏமாற்றிவிட்டார்கள் என்று மகளோடு சேர்ந்து அழுதிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"என்ன யாரும் ஏமாத்தல. நாந்தான் உன்ன ஏமாத்தினேன். நைனா ஜெயில்ல கீறாரு."

உதயா மடியிலிருந்து இறங்கினாள். சுட்டுவிரலை விடாமல் எதிரே நின்றாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"கொச்சி?"

"பொய்."

"பெரிய லாஞ்சு?"

"அதுவும் பொய்."

"போன்ல நைனா பேசினாரே?"

"அது பழசு. நாந்தான் போட்டேன்."

"நீ ரேஷன் கடைக்குப் போனியே?"

"நைனாவ பாக்க ஜெயிலுக்குப் போனேன்."

உதயா அம்மாவின் சுட்டுவிரலை விட்டுவிட்டாள். அதைக்கூட நர்மதா தாங்கிக்கொண்டாள். அதற்கு அடுத்து வந்த கேள்விதான் அவளை ஒரேயடியாகச் சாய்த்தது.

"ஜெயிலுன்றது பொய்யா நெஜமா?"

"நெஜம்டி."

"கொச்சியும் நெஜம்னுதானே சொன்ன."

சத்தியம் என்று சொல்லலாம், சாமி மேல் ஆணை என்று சொல்லலாம். வார்த்தை எல்லாம் அதே பழைய வார்த்தைதான், அதே வாயிலிருந்துதான் வரவேண்டும். ரப்பருக்காகப் பள்ளிக்கூட வாசலில் தான் சொல்லிக்கொடுத்த பாடம் தன் மகளுக்கு இவ்வளவு நன்றாக மனப்பாடமாகியிருக்கும் என்று நர்மதா நினைக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போகும்வரை உதயா நாலடி பின்னாலேயே நடந்து வந்தாள். சாப்பிடும்போதும் மீனைத் தொடவில்லை.

"புள்ளைய போய் ஜெயிலுக்கு இட்டுகினு போறேன்றியே, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்று புஷ்பவல்லி சத்தம் போட்டாள்.

"கண்ணால பாக்காம அது நம்பாதுக்கா. நைனா செத்துட்டாருன்னே நெனச்சிகினு கீது."

புஷ்பவல்லி முற்றத்துக் கொடியில் காய்ந்த துணியை எடுத்து ஒவ்வொன்றாக மடித்து முடித்துவிட்டுச் சொன்னாள். "மணி ஜெயில்ல கீறாருன்னு யாராச்சும் எங்கிட்ட சொன்னா, செருப்புகூட போடாம ஓடுவேன் நர்மதா. இட்டுகினு போ."

புழலுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மனு எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டரை மணி நேரம் காத்திருந்தார்கள். உதயா சுவரையும் போலீஸ்காரர்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இதுவும் நிஜம்தானா என்று ஒவ்வொன்றையும் சோதிப்பது போல இருந்தது அந்தப் பார்வை. கடைசியில் கூப்பிட்டார்கள். நடுவில் கண்ணாடி, இந்தப் பக்கம் ஒரு போன், அந்தப் பக்கம் ஒரு போன்.

எழிலன் வந்தான். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தது. மகளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. மறுநொடி நர்மதாவைப் பார்த்தபோது அதே முகம் கறுத்தது. இப்படிச் செய்துவிட்டாயே என்று அவன் கண் கேட்டது. பிறகு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு போனை எடுத்தான். நர்மதா இந்தப் பக்கத்துப் போனை மகளின் காதில் வைத்தாள்.

உதயா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் உதடு வேகமாக அசைந்தது, கை மேலே கீழே போனது. அவள் நைனாவின் கண், மூக்கு, தாடி எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்து முடித்தாள். பிறகு போனை இறக்கிவிட்டு அம்மாவிடம் திரும்பினாள்.

"நைனா இங்க வேலைக்கு வந்துகீறாராம். பெரிய கட்டடம் கட்டுறாங்களாம். முடிஞ்சதும் வந்துடுவாராம்."

நம்பியும் சொல்லவில்லை, நம்பாமலும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழிலன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினான். லாஞ்சு கவிழ்கிற புயலில்கூட யாரையும் கும்பிடாத மனுஷன். நர்மதாவுக்கு அவன்மேல் அப்போது வந்த பாசம் சொல்லி முடியாது. ஒரே ஒரு ஆமாம் போதும். மூன்று பேரும் நிம்மதியாகப் போய்விடலாம்.

அவள் போனை வாங்கி, அவனுக்கும் கேட்கும்படி, மகளைப் பார்த்துச் சொன்னாள். "இல்லடி. வேலைக்கு வரல. நைனா கோவத்துல சுப்பராயன்னு ஒருத்தர கட்டையால அடிச்சிட்டாரு. மண்ட ஒடஞ்சிடுச்சு. அதுக்காகத்தான் போலீஸ் இங்க வெச்சிகீது."

எழிலன் நெற்றியைக் கண்ணாடியில் முட்டிக்கொண்டு நின்றான். உதயா கை நீட்டிப் போனைக் கேட்டாள்.

"நைனா, நீ அடிச்சியா?"

அவன் நிமிரவில்லை. ஆமாம் என்று தலை மட்டும் ஆடியது.

"அவருக்கு வலிச்சுதா?"

மறுபடியும் தலை ஆடியது. தோள் குலுங்கியது.

"நீ எப்ப வருவ?"

அவன் சட்டென்று நிமிர்ந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சீக்கிரம் என்று சொல்லப் போகிறான் என்பது உதட்டசைவிலேயே நர்மதாவுக்குத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டான். நர்மதாவை ஒரு தடவை பார்த்தான். பிறகு மெதுவாக ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

"தெரியாதாம்" என்றாள் உதயா, அம்மாவிடம் திரும்பி. அதை அவள் நம்பினாள். முகத்திலேயே தெரிந்தது. கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். அந்தப் பக்கம் அவனும் வைத்தான். நேரம் முடிந்தது என்று போலீஸ்காரர் வந்து சொல்லும்வரை இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. நர்மதா களைத்துப் போயிருந்தாள். ஆனாலும் நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று ஆசைப்பட ஆரம்பித்திருந்தாள். உதயா ஏதோ யோசித்துக்கொண்டே வந்தாள்.

"ம்மா. நைனா செத்துட்டாருன்னு நா நெனச்சது உனக்கு எப்டி தெரியும்?"

நர்மதா முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நா மிஸ்கிட்ட மட்டும்தான் சொன்னேன். சொல்ல மாட்டேன்னு மிஸ் சத்தியம் பண்ணாங்க."

இது எவ்வளவு சின்னப் பொய். நானாகவே கண்டுபிடித்தேன், உன் படத்தைப் பார்த்தேன், அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று எதையாவது சொல்லிவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை. அந்த டீச்சராவது பிள்ளைக்கு மிஞ்சுவார். நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சிரித்துக்கொண்டே போகும். நர்மதா ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ்தான் சொன்னாங்க" என்றாள். "நீ தனியா கஷ்டப்படுறியேன்னு சொன்னாங்க. ஆனா சத்தியத்த மீறிதான் சொன்னாங்க."

உதயா அழவில்லை. அழுதிருந்தால் கட்டிக்கொண்டிருக்கலாம். அவள் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டாள், ஏதோ கூட்டிப் பார்த்து விடை சரியாக வந்துவிட்டது போல.

"இனிமே நா மிஸ்கிட்ட எதுவும் சொல்ல மாட்டேன்."

"எங்கிட்ட சொல்றியா?" என்று கேட்டாள் நர்மதா. அவள் குரல் அவளுக்கே கெஞ்சலாகக் கேட்டது. "உனக்கு பயமா இருந்தா, மனசுல எதுனா இருந்தா, எங்கிட்ட சொல்வியாடி?"

உதயா அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். கலைந்திருந்த பொட்டையும் பார்த்தாள், ஆனால் சரிசெய்யக் கையை எடுக்கவில்லை. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பாக்கலாம்" என்றாள்.